பிள்ளை பேசட்டும்



பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் பெரியோர் நடுவில் அமர்ந்திருக்கும் காட்சியைப் புனித லூக்கா நமக்குக் காட்டுகிறார். எருசலேம் ஆலயத்திலே சிறுவன் யேசு போதகர்கள் கூறியவற்றைச் செவிமடுத்தார். அவர்களிடம் வினாக்களும் கேட்டார். "சின்னப் பிள்ளை உனக்கென்ன தெரியும்?" என்று அவர்கள் அவரை விரட்டவில்லை.

நமது வீடுகளிலும் வகுப்பறைகளிலும் அதே வயதுப் பிள்ளை வாய் திறந்தால் நடப்பதென்ன? "எதிர்த்துக் கதையாதே" என்ற அதட்டல்தான்.

என் குற்றத்தையே சொல்கிறேன். ஒரு ஞாயிறு, பூசை உதவிக்குப் பிந்தி வந்த எட்டாம் வகுப்பு மாணவனை எல்லார் முன்னும் ஏசிவிட்டேன். "சுவாமி, நேரம் மாற்றியதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை" என்றான். அவன் சொன்னது உண்மை. ஆயினும், "வாய் காட்டுகிறாயா?" என்று அடக்கினேன். அடுத்த இரண்டு ஞாயிறும் அவன் வரவில்லை. அவன் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்ட பின்னரே மன அமைதியோடு என்னால் பூசை ஒப்புக்கொடுக்க முடிந்தது.

மாணவச் செல்வங்களே, கோபம் எழுவது தன்னிலே பாவமன்று. அதை எப்படி ஆளுகிறோம் என்பதே கேள்வி. நம் ஆண்டவரைப் பாருங்கள். அன்னாஸ் முன்னிலையில் காவலன் ஒருவன் அவரை அறைந்தான். அவர் திருப்பி அடிக்கவில்லை, ஏசவில்லை. வாயடைத்து நிற்கவும் இல்லை. தாம் பேசியது தவறாயின் அதைக் காட்டும்படியும், சரியாயின் அடித்ததற்குக் காரணம் சொல்லும்படியும் கேட்டார்.

ஆகவே உள்ளம் கொதிக்கும்போது சற்றுப் பொறுங்கள். மற்றவர் சொல்வதை முடியும்வரை கேளுங்கள். பின்பு, "நீங்கள் அநியாயம் செய்கிறீர்கள்" என்று பாயாமல், "சேர், இது எனக்கு மனவருத்தமாயிருக்கிறது, காரணம் இது" என்று சொல்லுங்கள். மூன்றாம் நாள் மகனைக் கண்ட தேவதாயும் அப்படித்தான் பேசினார். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டார்; தாமும் சூசையப்பரும் பட்ட வேதனையைச் சொன்னார். மகனும் தம் மனதிலுள்ளதைச் சொன்னார். சொன்னபின் அவர்களோடு நாசரேத்துக்குச் சென்று பணிந்து நடந்தார். கருத்துச் சொல்வதும் கீழ்ப்படிவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

பெற்றாரே, ஆசிரியர்களே, தன்னைப் பாதிக்கும் விடயங்களில் கருத்துக் கூறப் பிள்ளைக்கு உரிமையுண்டு என்பது 1989ஆம் ஆண்டின் ஐ.நா. சிறுவர் உரிமைச் சமவாயத்தில் உள்ளது. இலங்கையும் 1991இல் அதை ஏற்றது. இதற்கு வெகுகாலம் முன்னரே, பிள்ளைகளை எரிச்சலூட்டினால் அவர்கள் மனமுடைந்து போவர் என்று கொலோசையருக்கு எழுதிய திருமுகம் தந்தையரை எச்சரித்தது. கேட்டதையெல்லாம் கொடுங்கள் என்று நான் கூறவில்லை. "இல்லை" என்று சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லுங்கள். காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்றிரவு செபமாலை முடிந்ததும் ஐந்து நிமிடம் எழுந்துவிடாதிருங்கள். "இன்று உன் மனதை நோகச் செய்தது எது?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். குறுக்கே பேசாமல் கேளுங்கள். நாம் செவிகொடாத பிள்ளை, செவிகொடுக்கும் வேறொருவரைத் தேடிப் போகும். அவர் எத்தகையவர் என்பது நமக்குத் தெரியவரும்போது காலம் கடந்திருக்கலாம்.