தப்பான வழி, சரியான விடை

கணக்குப் பரீட்சையில் ஒரு பையன் வழியெல்லாம் தப்பாகப் போட்டு, கடைசியில் விடையை மட்டும் சரியாக எழுதிவிடுகிறான். மார்க் உண்டா? வாத்தியார் யோசிக்கவே மாட்டார். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியிருப்பான் என்று பெரிதாக ஒரு சுழி போடுவார்.

இதே கேள்வியை ஒரு மனிதனின் தலை போகிற கொலை வழக்கில் கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் சங்கடமாகிவிடும். அந்தச் சங்கடத்தைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னவை ஹாலிவுட்டின் பழைய காமெடி டிடெக்டிவ் படங்கள். அவை இன்னும் அலுக்காமல் இருப்பதற்கு, வழுக்கி விழுகிற தமாஷ் மட்டும் காரணமில்லை.

ஷெர்லாக் ஹோம்ஸ் வகையறா நமக்கு ஒரு தைரியம் கொடுக்கிறது. மூளை இருந்தால் போதும், சிகரெட் சாம்பலை வைத்தே உண்மையைப் பிடித்துவிடலாம் என்கிற தைரியம். காமெடிப் படங்கள் அந்த தைரியத்தின் காலை வாரி விடுகின்றன.

1934-ல் வந்த ‘தி தின் மேன்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டேஷியல் ஹாமெட் எழுதிய நாவல். ஹாமெட் பிங்கர்ட்டன் ஏஜென்ஸியில் நிஜமாகவே துப்பறிந்தவர். ஒரு விஞ்ஞானி காணாமல் போகிறார். அவருடைய செக்ரட்டரி கொலையாகிக் கிடக்கிறாள். கொலை நடந்த இடத்தில் விஞ்ஞானியின் கடிகாரச் சங்கிலி. வேறென்ன வேண்டும்? ஊரே அவரைத் தேடுகிறது. ஆனால் அந்த மனுஷன் எப்போதோ செத்துப்போய், தன் தொழிற்கூடத்திலேயே புதைக்கப்பட்டிருக்கிறார். செத்தவனால் ‘நான் இல்லை’ என்று சொல்ல முடியாது. கொலைகாரனுக்கு அதைவிட வசதி ஏது?

க்ளைமாக்ஸில் துப்பறியும் நிக் (வில்லியம் பவல்) சந்தேகப்பட்ட அத்தனை பேரையும் விருந்துக்கு அழைக்கிறார். போலீஸ்காரர்கள் சர்வர் வேஷத்தில் பரிமாறுகிறார்கள். நிக் பேசப் பேச, பக்கத்தில் இருக்கும் மனைவி நோரா (மிர்னா லாய்) ‘இதெல்லாம் நிஜம்தானா?’ என்று மெல்லக் கேட்கிறாள். தெரியாது, ஆனால் அப்படி இருந்தால்தான் எல்லாம் பொருந்துகிறது என்கிறார் மனிதர். நாம் சிரிக்கிறோம். சிரித்து முடித்தபின் லேசாக ஒரு நடுக்கம். பொருந்துகிறது என்பதும் நிஜம் என்பதும் ஒன்றா?

ஒன்றில்லை என்று முப்பது வருஷம் கழித்து ஒரு மடையன் நிரூபித்தான். பீட்டர் செல்லர்ஸ் நடித்த இன்ஸ்பெக்டர் க்ளூஸோ. ‘எ ஷாட் இன் தி டார்க்’ (1964) படத்தில் ஒரு மாளிகையின் டிரைவர் சுடப்பட்டுச் சாகிறான். வேலைக்காரி மரியா கையில் துப்பாக்கியோடு நிற்கிறாள். க்ளூஸோ அவளை விடுவிக்கிறார். அடுத்த பிணம் விழும்போதும் அவள்தான் பக்கத்தில் நிற்கிறாள். மறுபடி விடுவிக்கிறார். காரணம்? தடயமா, தர்க்கமா? ஒரு மண்ணும் இல்லை. அவள் அழகாக இருக்கிறாள், அவ்வளவுதான்!

கடைசியில் மரியா நிரபராதி. குற்றம் செய்தவர்கள் அந்த மாளிகையிலிருந்த மற்றவர்கள். படம் முழுக்க ஒழுங்காக யோசித்தவர் க்ளூஸோவின் மேலதிகாரி டிரேஃபஸ்தான். துப்பாக்கி யார் கையில் இருந்ததோ அவள்தான் கொலைகாரி என்று நினைத்தார். நீங்களும் நானும் அப்படித்தான் நினைத்திருப்போம். முட்டாள் சரியாகவும் தான் தப்பாகவும் ஆகிப்போனதைத் தாங்க முடியாமல் டிரேஃபஸ் பைத்தியமாகி, க்ளூஸோவைக் கொல்லவே கிளம்பிவிடுகிறார்.

க்ளூஸோ முதலில் வந்த ‘தி பிங்க் பேந்தர்’ 1963-ம் வருஷத்துப் படம். அதே 1963-ல் எட்மண்ட் கெட்டியர் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் மூன்றே பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார். நல்ல காரணத்தோடு ஒன்றை நம்பி, அது உண்மையாகவும் இருந்துவிட்டால் அதற்குப் பெயர் அறிவு என்று அதுவரை பலரும் நினைத்திருந்தார்கள். காரணமும் சரியாக இருந்து, விடையும் சரியாக இருந்தாலும், அது வெறும் குருட்டு அதிர்ஷ்டமாக இருக்கலாம் என்று உதாரணங்களோடு காட்டினார் கெட்டியர். தத்துவக்காரர்கள் அந்த மூன்று பக்கத்தோடு இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

வகுப்பறையில் இது மூளைக்கு வேலை. வீட்டில் அப்படியில்லை. குளியலறையில் கழற்றி வைத்த மோதிரத்தைக் காணோம். காலையில் அந்தப் பக்கம் போனது பாத்திரம் தேய்க்கிற பெண் ஒருத்திதான். பொருந்துகிறது, இல்லையா? மறுநாளிலிருந்து அவளை வர வேண்டாம் என்றாகிவிடுகிறது. வேறு வீடுகளுக்கும் சேதி போய்விடுகிறது. அவளுக்காகப் பரிந்து பேச ஒரு க்ளூஸோ கூடக் கிடையாது. ஒருவேளை அவள்தான் எடுத்திருந்தாலும், விசாரிக்காமலே துரத்தியது நியாயமாகிவிடுமா? ஆகாது என்றுதான் நினைக்கிறேன். விடை சரியாக அமைந்தது நம் சாமர்த்தியம் இல்லை. அடுத்த முறை அதே வழியில் போய் ஒரு நிரபராதியைத் துரத்துவோம்.

பின்னே என்னதான் வழி? பஸ்டர் கீட்டன் 1924-லேயே ‘ஷெர்லாக் ஜூனியர்’ என்ற மௌனப் படத்தில் காட்டிவிட்டார். தியேட்டரில் புரொஜக்டர் ஓட்டுகிற ஏழைப் பையன். துப்பறியக் கற்றுக்கொடுக்கும் புத்தகமும் கையுமாகத் திரிகிறவன். காதலிக்கு ஒரு டாலர் சாக்லெட் பெட்டி வாங்கி, பந்தாவுக்காக விலையை நாலு டாலர் என்று திருத்திக் கொடுக்கிறான். அதே சமயம் அவள் அப்பாவின் வாட்ச்சை எவனோ திருடி நாலு டாலருக்கு அடகு வைத்து, சீட்டை இவன் பையில் செருகிவிடுகிறான். சீட்டிலும் நாலு டாலர், பெட்டியிலும் நாலு டாலர். அம்சமாகப் பொருந்துகிறது! பையனை வெளியே அனுப்பிவிடுகிறார்கள்.

அவன் தியேட்டருக்குத் திரும்பி, தூங்கிப்போய், உலகத்திலேயே பெரிய துப்பறியும் நிபுணனாகக் கனவு காண்கிறான். கார் துரத்தல், மோட்டார் சைக்கிள் சாகசம் எல்லாம் கனவில்தான்.

நிஜத்தில் வழக்கைத் தீர்த்தவள் அந்தப் பெண். பூதக்கண்ணாடி இல்லை, புத்தகம் இல்லை. அடகுக் கடை வரை ஒரு நடை போய், இதை வைத்தது யார் என்று கேட்டாள். அவ்வளவுதான்.