கரை ஒதுங்கிய மரம்

ஒரு காரியத்துக்குக் காரணங்கள் மூன்று என்று நம் சித்தாந்திகள் வகுத்தார்கள். குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டமும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்ற அவர்களுடைய திருஷ்டாந்தம், பல நூற்றாண்டுகளாகத் தர்க்கத்தில் அடிபட்டும் உடையாமல் இருக்கிறது. ஆனால் பசிபிக் சமுத்திரக் கரைகளில், புயலுக்குப் பின் ஒதுங்கிக் கிடக்கும் மரத்துண்டுகளைப் பொறுக்கி, திமிங்கிலமும் ஆமையும் சுருண்டெழும் அலையுமாகச் சிற்பம் சமைக்கிறவர்களுடைய வேலையைப் பார்க்கும்போது, இந்த மூன்றில் அந்தச் சிற்பியை எங்கே நிறுத்துவது என்ற சந்தேகம் எனக்கு உண்டாகிறது.

அத்தகைய மரத்துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் சந்தேகத்தின் நியாயம் விளங்கும். பட்டை என்றோ உரிந்துபோயிருக்கிறது. மணலும் நீரும் ஓயாமல் அராவியதில், வசந்தத்தில் வளர்ந்த மென்மையான வளையங்கள் பள்ளமாகத் தேய்ந்து, பின்பருவத்தில் வளர்ந்த கெட்டி வளையங்கள் வரிவரியாகப் புடைத்து நிற்கின்றன. கணுக்கள் மாத்திரம் எலும்பு மூட்டுக்கள்போல் துருத்துகின்றன. கப்பல் புழு குடைந்த துளைகளின் உட்புறத்தில் வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு படிந்திருக்கிறது. சிற்பி செய்யவேண்டியதில் பெரும்பகுதி அவன் வருமுன்பே நடந்தேறிவிட்டது. அவன் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, நிழலில் உலர்த்தி, ஒன்றோடு ஒன்றைப் பொருத்துகிறான். உளியைச் சற்று மிகுதியாக ஓட்டிவிட்டாலோ, எந்த அழகைத் தேடிப் போனானோ அதுவே சிராய் சிராயாக உதிர்ந்துவிடும்.

அலைச்சறுக்கில் பழகியவர்கள் இந்தக் கலைக்கு வந்து சேருவதில் வியப்பில்லை. விடியுமுன் அலை பார்க்கப் போகிறவன் கண்ணில்தானே இரவில் ஒதுங்கிய மரமும் முதலில் படும்! ஆயினும் உறவு அதனினும் ஆழமானது. எங்கோ தொலைவில் புயற்காற்றில் பிறந்த அலை ஆயிரக்கணக்கான மைல் ஓடி வருகையில், நீர் அதனோடு ஓடி வருவதில்லை. நீர் தான் இருந்த இடத்திலேயே ஏறக்குறைய வட்டமாகச் சுழன்று அடங்க, உருவம் மாத்திரம் ஒரு நீரிலிருந்து அடுத்த நீருக்குக் கைமாறிக்கொண்டே வருகிறது. திரவியத்தைப் பின்னே விட்டுவிட்டுப் பிரயாணம் செய்யும் ரூபம் அலை; பழைய ரூபத்தைச் சிறிது சிறிதாக இழந்துகொண்டு பிரயாணம் செய்யும் திரவியம் மிதக்கும் மரம். மனிதன் இவ்விரண்டையும் உண்டாக்கவில்லை. இரண்டுக்காகவும் அவன் கரையில் காத்திருக்கவேண்டும்.

இந்தக் காத்திருப்பைப் பற்றி ஹவாய்த் தீவுகளிலிருந்து ஒரு செய்தி உண்டு. 1790களில் அங்கே சென்ற ஆங்கிலேய மாலுமி ஜார்ஜ் வான்கூவர், கவாய் தீவில் 61½ அடி நீளமுள்ள தோணி ஒன்றைக் கண்டார். அது அமெரிக்கக் கரையில் வளரும் பைன் மரம். கடலிலே மிதந்து வந்து ஒதுங்கியது. இரட்டைத் தோணி கட்டவேண்டும் என்பது தீவினரின் ஆசை. அதற்கு ஒரு ஜோடி வேண்டும். ஒன்றை அனுப்பிய கடல் மற்றொன்றையும் அனுப்பாதா என்று மரத்தில் உளி வைக்காமல் பார்த்திருந்தார்கள். வரவில்லை. பிறகே பக்கமிதவை பூட்டிய ஒற்றைத் தோணியாக அதைக் குடைந்தார்கள். சங்கல்பம் தங்களுடையது, சாமக்கிரியை தங்களுடையது அன்று என்பதை அறிந்து, அறிந்தபின் மனம் கசந்து அந்த மரத்தை விறகாக்கிவிடாமல், வந்ததற்குத் தக்கபடி சங்கல்பத்தைத் திருத்திக்கொண்டார்களே, அந்த விவேகம் எனக்குத் தோணியைக் காட்டிலும் பெரிதாகப் படுகிறது.

அதே ஜனங்கள் அலைச்சறுக்குப் பலகைக்காக உயிருள்ள மரத்தை வெட்டும்போது, அடிமரத்தில் குமு என்னும் செம்மீனை வைத்து, மரம் சாய்ந்தபின் அதை வேர்க்குழியில் இட்டுப் பிரார்த்தித்தார்கள் என்று 1896-ல் வெளியான ஒரு விவரணம் கூறுகிறது. எடுத்ததற்கு ஈடு அது. கடல் கொண்டுவந்து போட்ட மரத்துக்கு ஈடு கேட்பார் இல்லை. ஆகவே அதை எடுப்பவனுக்கு எல்லாம் தன் சிருஷ்டி என்ற அகங்காரம் வரலாம், அல்லது எல்லாம் கடலின் செயல் என்ற சோம்பற் பணிவு வரலாம். இரண்டாவது, பக்தியின் வேஷத்தில் வருவதால், கண்டுபிடிக்கக் கஷ்டமானது.

விஸ்கான்சினில் பிறந்த டாம் பிளேக் (1902–1994), ஹொனலூலுவின் பிஷப் காட்சிசாலையில் இருந்த புராதனப் பலகைகளைப் பழுதுபார்த்து, அவற்றின் பாரத்தைக் குறைக்க வழிதேடி, உள்ளீடற்ற பலகையைச் செய்தவர். அவர் தம் சொந்த மாகாணத்துப் பாறை ஒன்றில், இயற்கையும் கடவுளும் ஒன்றென்று கணிதச் சமக்குறி இட்டுப் பொறித்துவைத்தார். அவருடைய பக்தியை வணங்குகிறேன், சமக்குறியை ஒப்பமாட்டேன். கடல் ஜடம், ஒரு மரத்தை மெருகிடும் அதே அலை அடுத்த மரத்தைப் பாறையில் மோதிச் சிதறடிக்கிறது, எது அழகு என்று அது தேர்வதில்லை. இயற்கையே கடவுளானால் கரையில் கிடக்கும் ஒவ்வொரு கட்டையும் பூரணமான சிற்பமாகிவிடும். யாரும் குனிந்து எடுக்கவேண்டியதில்லை. பிளேக்கும் கிடைத்த பலகையோடு திருப்தியடைந்துவிடவில்லையே. அதன் பிரதியில் துளைகளை இட்டுப் பார்த்தல்லவா தம் வழியைக் கண்டார்!

ஆகையால் கடலைத் துணைக்காரணம் என்பேன். தேர்ந்தெடுக்கவும், தொடாமல் விடவும், வராததற்காக வருந்தாமல் வந்ததைக் கொள்ளவும் தெரிந்த மனிதனே இங்கும் நிமித்த காரணம். அவன் தன் சிற்பத்தின் அடியில் பெயரைப் பொறித்துக்கொள்வதில் தவறில்லை. எந்தக் கரையில், எந்தப் புயலுக்குப் பின் அந்த மரம் கிடைத்தது என்பதையும் பக்கத்திலேயே பொறிக்கவேண்டும் என்று மாத்திரம் கேட்டுக்கொள்கிறேன்.