வணிகன் பேசும் அறம்

ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டு, வரும் ஆண்டுக்குரிய காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவது சிவகாசி அச்சகங்களின் வழக்கம். அவற்றைப் புரட்டுகிறவர், முருகனும் வேளாங்கண்ணி மாதாவும் மெக்காவின் காட்சியும் ஒரே அச்சகத்தின் மையில் அடுத்தடுத்துத் துலங்குவதையும், படத்தின் அடியில் நகைக்கடையோ மளிகைக்கடையோ தன் பெயரைப் பொறித்துக்கொள்ள இடம் விடப்பட்டிருப்பதையும் காண்பார். தெய்வத்தின் திருவடியில் கடைப்பெயர் இருப்பதைத் தெய்வ நிந்தனை என்று நம்மவர் கருதுவதில்லை. ஆதலால், மத ஒற்றுமை, சுற்றுச்சூழல் முதலியவற்றை நிறுவனங்கள் தங்கள் விளம்பரங்களில் உபதேசிக்கும் இக்காலத்தில், லாபத்தை நாடுகிறவன் பேசும் தர்மம் தர்மமாகுமா என்னும் கேள்வியை விருதுநகர்ச் சீமையில் நின்று கேட்பது பொருந்தும்.

பழைய விடை கடுமையானது. கீதை பலனை விரும்பாத கர்மத்தையே உயர்த்துகிறது. ஆய் அண்டிரன் மறுமைப் பயனுக்கு விலையாக அறம் செய்பவன் அல்லன் என்று புறநானூற்றில் முடமோசியார் போற்றுகிறார். இந்த உரைகல்லில் உரைத்தால் எந்த விளம்பரமும் மாற்றுக் குறைந்ததாகவே தெரியும். ஆனால் பட்டினப்பாலையோ, வாங்குவதில் மிகையும் கொடுப்பதில் குறையும் இல்லாமல் வாணிகம் செய்தோரைப் புகழ்கிறது. அவர்கள் லாபத்தைத் துறந்த சந்நியாசிகள் அல்லர். அவர்களுடைய அறம் அவர்கள் கைத் தராசிலேயே இருந்தது. வணிகனின் அந்தரங்க நோக்கம் நம் கண்ணுக்கு எட்டாது. தான் பேசிய அறத்துக்கு அவன் என்ன கொடுத்தான், யார் கையிலிருந்து எடுத்துக் கொடுத்தான் என்பதோ எட்டும்.

2021 தீபாவளிக்கு முன், சியட் டயர் விளம்பரத்தில் நடிகர் ஆமிர் கான், சாலை வாகனங்களுக்கு உரியது, அங்கே பட்டாசு வெடிக்காதீர்கள் என்றார். கர்நாடகத்து எம்.பி. அனந்தகுமார் ஹெக்டே ஆட்சேபித்துக் கடிதம் எழுத, விவகாரம் மதச் சர்ச்சையாயிற்று. அறிவுரை நியாயமானதே, ஆயினும் டயர் விற்பவருக்கு அதனால் சரக்கில் ஒரு காசும் குறையாது. அயலான் சரக்கைக் குறித்து அறம் பேசுவது எளிது. அதற்கு முந்திய ஆண்டு, டாட்டாவும் தமிழக அரசின் டிட்கோவும் கூடித் தோற்றுவித்த டைட்டனின் நகைப் பிரிவான தனிஷ்க், தங்கள் வீட்டு வழக்கத்தில் இல்லாத சீமந்தச் சடங்கை இந்து மருமகளுக்காக நடத்தும் முஸ்லிம் குடும்பத்தைக் காட்டியது. எதிர்ப்பு மூண்டதும், புண்பட்ட உணர்வுகளையும் ஊழியர் நலனையும் காரணம் காட்டி அதைத் திரும்பப் பெற்றது. கோழைத்தனம் என்று ஏசுவோர், கடை வாசலில் கும்பல் கூடினால் அதை எதிர்கொள்பவர் முதலாளி அல்லர், கவுன்ட்டரில் நிற்கும் சிப்பந்தி என்பதை எண்ண வேண்டும். விலை கொடுக்கப்போகிறவர் யார் என்பது அறத்தை அறிவிக்குமுன் யோசிக்கவேண்டிய விஷயம்.

2018 அக்டோபர் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடுத்த பிறகு, சிவகாசிப் பெட்டிகளில் பசுமைப் பட்டாசு முத்திரை ஏறியது. சட்டத்துக்குக் கட்டுப்பட்டுச் செய்த மாற்றம் இன்று நற்சான்றாகவும் விளங்குகிறது. அதை இகழ்வதற்கில்லை, கட்டாயத்தால் விளைந்த நன்மையும் மூச்சுக்கு நன்மையே. ஆனால் அம்முத்திரை புகையைப் பற்றிப் பேசுமேயன்றி, மருந்து செலுத்தும் அறையைப் பற்றிப் பேசாது. அவ்வறையில் நான்கு பேருக்குமேல் இருக்கலாகாது என்பது விதி. உள்குத்தகைக்கு விட்ட ஆலையில், சீசன் நெருங்க நெருங்க அறைக்குள் ஆட்கள் பெருகுவதும், மரத்தடியில்கூட மருந்து அடைப்பதும் இப்பகுதியில் திரும்பத் திரும்பக் கண்டறியப்படும் மீறல்கள். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் ஒரே விபத்தில் மாய்ந்தன. அந்த நான்கு என்னும் எண்ணிக்கையே பட்டாசு வணிகனின் தராசு. அதைக் காத்தால் ஒரு நாளில் முடியும் பெட்டிகள் குறையும், குறைவது அவனுடைய சொந்த லாபம். ஆர்டர் குவியும் புரட்டாசியிலும் ஐந்தாவது ஆளை அறைக்குள் விடாத முதலாளி தன் பெட்டியின்மேல் எந்த உபதேசத்தை அச்சிட்டாலும் தகும். விடுகிறவர் அச்சிடும் உபதேசமோ, கூலியாளின் உயிரை முதலாக வைத்துத் தேடும் புண்ணியம்.