அரைப்பேர்: கூலியின் நீதி பற்றிய ஒரு விசாரணை

மலையகத் தேயிலைத் தோட்டங்களிலே 'பேர்' என்னும் சொல், நாம் அன்றாடம் வழங்கும் பொருளினின்றும் வேறான ஒரு பொருளிற் பயின்று வருகின்றது. தொழிலாளி ஒருவர் ஒரு நாள் வேலைசெய்து அந்நாட் சம்பளத்துக்கு உரியவராகப் பதியப்படுதலே ஒரு 'பேர்' ஆகும். "இந்த மாதம் எத்தனை பேர்?" என்று வினவினால், எத்தனை நாட் சம்பளம் விழுந்திருக்கின்றது என்பதே கருத்து. பெரட்டுக்களத்திற் பெயர் கூப்பிட்டுச் செக்ரோலிற் குறித்த வழக்கத்திலிருந்து இச்சொல்லாட்சி பிறந்திருத்தல் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு ஒன்றரைப் பேர். நிருணயித்த அளவு கொழுந்து பறிக்கத் தவறிய நாளுக்கு அரைப்பேர்.

இந்த அரைப்பேரே இக்கட்டுரையின் பொருள். பொருளியலார் இதனை உற்பத்தித்திறன் என்னும் தலைப்பின் கீழும், தொழிற்சங்கத்தார் சம்பளப் பேச்சுவார்த்தை என்னும் தலைப்பின் கீழும் நோக்குவர். ஆயினும், ஒருவரின் உழைப்பை எதனைக்கொண்டு அளப்பது, அவ்வளவிற் குறைவு நேர்ந்தால் அக்குறைவை யார் தாங்குவது என்னும் வினாக்கள் அடிப்படையில் அறவியலுக்கு உரியன. அவற்றைக் கணக்காளரிடம் மாத்திரம் விட்டுவிடுதல் தகாது.

நடைமுறை இதுதான். காலைப் பெரட்டு முடிந்ததும் பெண்கள் குறித்த மலைக்கு அனுப்பப்படுகின்றனர். பறித்த கொழுந்து ஒரு நாளில் இரண்டு மூன்று முறை தறாசில் நிறுக்கப்படும். சாக்கின் நிறைக்கென்றும், மழை நாளாயின் ஈரத்துக்கென்றும் சில கிலோ கழிக்கப்படும். எஞ்சியதே கணக்கிற் சேரும். நாளளவு தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். அது 18 கிலோ என்று கொள்வோம். அளவுக்கு மேற்பட்ட ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக்கொடுப்பனவு உண்டு. அளவுக்குக் கீழ்ப்பட்டால் பல தோட்டங்களில் அரைப்பேர். வேறு சிலவற்றில் பறித்த கிலோவுக்குரிய காசு மட்டும்.

நாட்சம்பளம் 1000 ரூபா என்று வைத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 18 கிலோ பறித்தவருக்குக் கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ 55 ரூபா விழுகின்றது. 17 கிலோ பறித்தவருக்கு 500 ரூபா. அதாவது கிலோவுக்கு ஏறத்தாழ 29 ரூபா. ஒரு கிலோ குறைந்ததற்கு 500 ரூபா இழப்பு. அந்தப் பதினேழு கிலோவும் தொழிற்சாலைக்குப் போய், வாடி, அரைபட்டு, மூன்றரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட தேயிலையாகி வெளிவரத்தான் செய்கின்றது. 1883 முதல் நடைபெற்றுவரும் கொழும்பு ஏலத்தில் 'அரைப்பேர்த் தேயிலை' என்று ஒரு வகை இல்லை. அரைக்கூலிக்குப் பறித்த கொழுந்தும் முழுக்கூலிக்குப் பறித்த கொழுந்தும் ஒரே பெட்டியில் ஒரே விலைக்குத்தான் போகின்றன.

ஆகவே, இது செய்த வேலைக்கு ஏற்ற கூலி என்னும் கொள்கையன்று. அக்கொள்கையின்படி பதினேழு கிலோவுக்குப் பதினெட்டில் பதினேழு பங்கு கிடைத்திருக்க வேண்டும். வந்து நின்ற நாளுக்குக் கூலி என்னும் கொள்கையுமன்று. அதன்படியாயின் முழுச் சம்பளமும் கிடைத்திருக்க வேண்டும். இரண்டு கொள்கைகளிலும் முதலாளிக்கு அநுகூலமான பாதியை எடுத்து ஒட்டிய ஒன்று இது. கூடுதலாகப் பறித்தவருக்கு மேலதிகம் கொடுப்பது வெகுமதி. குறைவாகப் பறித்தவரிடம் பாதியைப் பிடித்துக்கொள்வது தண்டனை. தண்டனையென்றால் குற்றம் எதுவென்று காட்டுதல் வேண்டும்.

நிருவாகத்தாரின் வாதத்தையும் நேர்மையாக எடுத்துரைத்தல் முறை. தேயிலையின் விலையை உலகச் சந்தை தீர்மானிக்கின்றது. அதனைத் தோட்டம் தீர்மானிப்பதில்லை. உற்பத்திச் செலவிற் பெரும்பகுதி சம்பளமாகவே போகின்றது. நாளளவு என்று ஒன்று இல்லாவிட்டால், வருந்திப் பறிப்பவரும் நிழலில் இருப்பவரும் ஒரே சம்பளம் பெறுவர். அது வருந்திப் பறிப்பவருக்கே இழைக்கும் அநீதி. இலங்கைத் தேயிலையின் பெரும்பகுதி இன்று சிறுதோட்ட உடைமையாளரிடமிருந்தே வருகின்றது. அங்கும் கிலோக் கணக்கிலேயே கொழுந்து பறிக்கப்படுகின்றது. இவ்வாதத்தில் உண்மை இல்லையென்று கூறிவிட முடியாது. சோம்பியிருப்பவரைச் சுமக்கும் கடமை உடன்வேலையாட்களுக்கு இல்லை என்பதை நியாய உணர்வுள்ள எவரும் ஒப்புவர்.

ஆனால், கூடையில் விழும் கிலோ ஒருவரின் முயற்சியின் அளவுதானா என்பதே வினா. வறட்சிக் காலத்தில் செடி துளிர்ப்பதில்லை. வயதேறிய செடி இளஞ்செடியளவு கொழுந்து தருவதில்லை. புல் மண்டிய மலையிற் கால் வைக்கவே நேரம் போய்விடும். மறுநடுகை செய்வதும், பசளை இடுவதும், புல் வெட்டுவிப்பதும் எவருடைய பொறுப்பு? 2021இல் அன்றைய அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்தது. அவ்வாண்டில் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் ஏறத்தாழ 25 கோடி கிலோவாக வீழ்ந்தது. அம்முடிவைக் கொழும்பில் எடுத்தவர் எவருக்கும் அரைப்பேர் விழவில்லை. மலையில் நின்ற பெண்ணுக்கு விழுந்தது.

தன் வசத்தில் உள்ளதற்கே ஒருவரைப் பொறுப்பாளியாக்கலாம் என்பது அரிஸ்டோட்டில் காலம் முதல் அறவியலார் பெரிதும் ஒப்பிவந்த ஒரு கருத்து. கட்டாயத்தால் நேர்ந்ததற்குப் பழியும் இல்லை, புகழும் இல்லை. அரைப்பேர் முறை இவ்விதியை நேரே தலைகீழாக்குகின்றது. மழையும் மண்ணும் முதலீடும் சேர்ந்து ஆக்கிய குறைவு, இவற்றுள் ஒன்றின்மீதும் அதிகாரம் இல்லாத ஒருவரின் பெயரிற் பதியப்படுகின்றது. வியாபாரத்தில் நட்டத்துக்குத் துணிந்தவனுக்கே இலாபம் உரியது என்று முதலாளித்துவத்தை நியாயப்படுத்துவோர் சொல்வதுண்டு. அவ்வாதத்தை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், நட்டத்தின் ஒரு பங்கைத் தாங்குபவர் இலாபத்தில் ஏன் பங்கு பெறவில்லை என்று அவர்கள் விளக்குதல் வேண்டும்.

இவ்விடத்து ஒரு மறுப்பு எழலாம். நாளளவை ஒப்புக்கொண்டுதானே தொழிலாளி வேலைக்கு வருகின்றார்? உடன்பட்ட ஒப்பந்தத்தில் அநீதி எவ்வாறு வந்தது? இதற்கு விடை தேடப் புரட்சியாளரிடம் போகவேண்டியதில்லை. சந்தைப் பொருளாதாரத்தின் தந்தையெனக் கருதப்படும் அடம் சிமித், 1776இல் வெளிவந்த தம் நூலிலேயே, கூலிப் பேரத்தில் முதலாளி நெடுநாட் பொறுத்திருக்க வல்லவன், தொழிலாளி சில வாரங்கூடப் பொறுத்திருக்க இயலாதவன், ஆதலின் பேரம் சமமானதன்று என்று எடுத்துக்காட்டினார். 1891இல் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ விடுத்த தொழில் பற்றிய சுற்றுமடலும், மேலும் மோசமானது நேருமென்ற அச்சத்தாற் கொடுக்கப்படும் இணக்கம் வன்முறைக்கு உட்பட்ட இணக்கமே என்று கொள்கின்றது.

நம் தோட்டங்களில் அவ்வச்சம் வெறும் பசியச்சம் மாத்திரமன்று. 1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி வேலையை விட்டு நீங்குதல் குற்றமாய் இருந்தது. துண்டு முறை வழக்கிலிருந்த காலத்திற் கடன் தீர்ந்ததெனக் கங்காணியின் துண்டு இல்லாதவர் வேறு தோட்டம் செல்ல முடியாது. 1921இலேதான் அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. அந்நிலையை முற்றாக நீக்க முனைந்த சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. இவையெல்லாம் நீங்கிய பின்னரும் லயக்காம்பரா இருக்கின்றது. வீடும் அது நிற்கும் நிலமும் தோட்டத்துக்குரியன. வேலைக்கு 'இல்லை' என்று சொல்வது வீட்டுக்கும் 'இல்லை' என்று சொல்வதாகிவிடக்கூடிய இடத்தில், ஒருவர் 'ஆம்' என்று சொன்னதைச் சுயாதீனமான உடன்பாடு என்று கொள்வது கடினம்.

2021 மார்ச்சில் சம்பளச் சபையின் வாயிலாக நாட்சம்பளம் 1000 ரூபாவாக வர்த்தமானியில் வெளியானபொழுது நேர்ந்ததும் இதனையே காட்டும். பல ஆண்டுப் போராட்டத்தின் பின் கிடைத்த தொகை அது. உடனே பல தோட்டங்களில் நாளளவு கூட்டப்பட்டது, வேலைநாட்கள் குறைக்கப்பட்டன. சம்பளத்தை நிருணயிக்கும் அதிகாரம் அரசின் கையிலும், கிலோவை நிருணயிக்கும் அதிகாரம் தோட்டத்தின் கையிலும் இருக்குமளவும், ஒரு கையாற் கொடுத்ததை மறு கையால் எடுத்துக்கொள்ளலாம். பிற்காலச் சம்பள உயர்வுகளையும் தொகையை மட்டும் பார்த்து மதிப்பிடுதல் போதாது. எத்தனை கிலோவுக்கு, எத்தனை நாளுக்கு என்று சேர்த்தே கேட்க வேண்டும்.

கார்ல் மார்க்ஸ் தம் 'மூலதனம்' முதற் தொகுதியில் துண்டுக்கூலி பற்றி ஓர் அதிகாரம் எழுதியுள்ளார். துண்டுக்கூலி வேறொன்றன்று, நேரக்கூலியின் மாறுவேடமே என்பதும், அம்முறையில் மேற்பார்வைத் தொழிலைத் தொழிலாளியே தன்மேல் நடத்திக்கொள்கின்றான் என்பதும் அவர் கருத்து. கங்காணி திரும்பி நின்றாலும், தேநீர்வேளையைக் குறைத்து, குளவிக்கும் அட்டைக்கும் அஞ்சாது பறிக்கும் கைகளை இக்கருத்து நன்கு விளக்குகின்றது. எனினும் மார்க்ஸின் விளக்கத்தில் அரைப்பேருக்கு இடமில்லை என்று தோன்றுகின்றது. ஏனெனில் இது துண்டுக்கூலியினும் கீழானது. காண்டின் வேறுபாடு இவ்விடத்திற் பயன்தரும். பொருள்களுக்கு விலை உண்டு, ஆளுக்கு உள்ளது மாண்பு, மாண்புக்கு ஈடாக வேறொன்றை வைத்தல் இயலாது என்பது அவர் 1785இல் நிலைநாட்டிய கொள்கை. கொழுந்துக்கு விலை வைக்கலாம். கொழுந்து குறைந்ததென்று ஆளையே பாதியாகப் பதிவதுதான் இங்கு நடப்பது. வழக்குச் சொல்லே அதனை மறைக்காது சொல்லிவிடுகின்றது.

இப்பாதியும் பெரும்பாலும் பெண்ணின் பாதியே. கவ்வாத்து, கான்வெட்டு முதலிய ஆண்களின் வேலைகள் பெரும்பாலும் பிற்பகலின் முற்பகுதியிலே முடிந்துவிடும். கொழுந்து பறிப்போர் மாலை நிறுவை வரை மலையில் நிற்பர். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் 1984இல் வந்தது. அந்த ஏட்டுச் சமத்துவம் நேரத்தைச் சமப்படுத்தவில்லை. விடியுமுன் அடுப்பு மூட்டியதும், குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவந்ததும், இடையிற் பாலூட்டப் போய்வந்ததும் தறாசில் ஏறுவதில்லை. அந்நடைக்கு எடுத்த நேரத்தில் இரண்டு கிலோ குறைந்தால் அது தாயின் குறைவாகவே எழுதப்படும்.

அண்மைக் காலத்திற் கம்பனிகள் வேறொரு வழியை முன்வைத்துள்ளன. செடிகளைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, கொழுந்தைக் கிலோ விலைக்கு வாங்கிக்கொள்ளும் வெளியார் உற்பத்தி முறையே அது. தன் நேரத்துக்குத் தானே எசமான் என்னும் கவர்ச்சி அதற்கு உண்டு. இளைஞர் சிலர் அதனை விரும்புவதும் வியப்பன்று. நிலம் உறுதியோடு கைமாறுமாயின் நானும் அதனை வரவேற்பேன். நிலம் கம்பனியிடமே இருக்க, மழையும் பசளைவிலையும் மாத்திரம் குடும்பத்திடம் கைமாறுமாயின், அரைப்பேர் என்னும் சொல் மறைந்து அதன் பொருள் முழு ஆண்டுக்கும் பரவிவிடும். சேமலாப நிதியும் அங்கே அறுந்துவிடும்.

சேமலாப நிதியை இறுதியிற் குறிப்பிடக் காரணம் உண்டு. 1958ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான அந்நிதிக்குத் தொழில்தருநர் நூற்றுக்கு 12ம் தொழிலாளி நூற்றுக்கு 8ம் செலுத்துகின்றனர். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்தருநர் மேலும் 3 செலுத்துகின்றார். இவை கணிக்கப்படுவது பதியப்பட்ட உழைப்பூதியத்தின்மேல். அரைப்பேர் விழுந்த நாளில் வீட்டுக்கு வரும் காசு மட்டுமன்றி, முதுமைக்குச் சேரும் காசும் பாதியாகின்றது. முப்பது ஆண்டு கொழுந்து பறித்து ஓய்வுபெறும் ஒரு பெண், தமக்குக் கிடைத்த தொகை ஏன் இவ்வளவு சிறிதென்று தோட்டக் காரியாலயத்திற் கேட்டால், கணக்குப் பிழையில்லை என்றே விடை வரும். எந்த மழைக்கு, எந்த வறட்சிக்கு, எந்தப் புல்மண்டிய மலைக்கு எத்தனை பாதி போயிற்று என்பது செக்ரோலில் எழுதப்பட்டிருக்காது. அங்கே அவர் பெயரும், அதற்கு நேரே ஓர் எண்ணுமே இருக்கும்.