உருவும் இலக்கும்

இருள் கவிந்த வேளையிலே தொலைவில் ஒன்று தோன்றுகின்றது. அது மரக்குற்றியோ மனிதனோ என்பது துணியப்படவில்லை. அந்நிலையில் அதனை எச்சொல்லாற் சுட்டுவது? தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் இவ்வினாவுக்கு இடந்தந்து விடையும் கூறுகின்றது. உயர்திணையோ அஃறிணையோ என ஐயுற்ற பொருளை ‘உரு’ என்னும் பொதுச்சொல்லாற் சுட்டலாம் என்பது அவ்விடையின் சாரம். குற்றியையும் மகனையும் உதாரணமாகக் காட்டியோர் உரையாசிரியர்கள். இது சொல்லிலக்கண விதியேயன்றி அறநூல் விதியன்று. எனினும், தெளியாத ஒன்றுக்குத் தெளிந்ததுபோலப் பெயரிடலாகாது என்னும் நேர்மை அதனுள் அடங்கிக் கிடக்கின்றது.

அந்நேர்மைக்கு இன்று புதியதொரு சோதனைக்களம் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இரவுப் பார்வைக் கருவியுடன் துப்பாக்கி சுடக் கற்பிக்கும் பயிற்சி வகுப்புகள் நடைபெறுகின்றன. படையினரும் பொலிசாரும் மட்டுமன்றிச் சாதாரணக் குடிமக்களும் பணம் செலுத்தி இவற்றிற் பயில்கின்றனர். கருவி தலைக்கவசத்திற் பொருத்தப்படும். துப்பாக்கியிலிருந்து வெறுங்கண்ணுக்குப் புலனாகாத செங்கீழ்க் கதிர் லேசர் பாயும். அக்கதிர் படியும் புள்ளி அத்தகைய கருவியை அணிந்தவனுக்கே தெரியும். புள்ளியை உருவின்மேல் நிறுத்தி விசையை இழுக்கப் பழகுவதே பயிற்சியின் பெரும்பகுதி. வகுப்பின் மொழியில் எதிரே நிற்பது ‘உரு’ அன்று. தொடக்கத்திலேயே அது ‘இலக்கு’. காணும் ஆற்றல் பெருகும்போது சுடும் உரிமையும் உடன் பெருகுமா என்ற வினா இங்கே எழுகின்றது.

இக்கருவி போர்க்களத்திற் பிறந்தது. 1945இல் ஒக்கினாவாப் போரில் அமெரிக்கப் படையினர் செங்கீழ்க் கதிரைப் பாய்ச்சிப் பார்க்கும் துப்பாக்கியைப் பயன்படுத்தினர். வியட்நாம் போரில், நட்சத்திர ஒளியையே பெருக்கிக் காட்டும் கருவி வழக்குக்கு வந்தது. உட்புகும் மங்கிய ஒளி இலத்திரன்களாக மாறிப் பன்மடங்கு பெருகி ஒளிர்திரையில் மோதுகின்றது. அங்கே பச்சை நிறப் படமொன்று தோன்றுகின்றது. எனவே அணிந்தவன் காண்பது பொருளையன்று, திரையையே. நிறவேறுபாடு அதில் இல்லை. பார்வைப்புலம் பெரும்பாலும் ஏறத்தாழ 40 பாகைக்குள் அடங்கும். தூரத்தை மதிப்பிடுவதும் கடினமாகும்.

அமெரிக்கப் படைத்துறை ஆய்வாளரான ஜோன் ஜோன்சன் 1958இல் வெளியிட்ட அளவுகள் இவ்விடத்து நோக்கற்பாலன. ஓர் உருவின் குறுகிய பரிமாணத்துள் எத்தனை கோட்டிணைகளைக் கருவி பிரித்துக் காட்டவேண்டும் என அவர் கணித்தார். ஏதோவொன்று உண்டு என உணர ஏறத்தாழ 1 கோட்டிணை போதும். அது எவ்வகையைச் சார்ந்தது என அறிய 4 வேண்டும். அவ்வகையுள் இன்னதெனத் துணிய 6.4 வேண்டும். இவையும், பார்ப்பவர் சரியாகக் கூறும் நிகழ்தகவு 50 வீதமாக அமையும் நிலைக்கு உரிய அளவுகளே. ஐயத்துக்கும் தெளிவுக்கும் இடையே படிகள் உண்டு என்று இலக்கணம் உணர்த்தியதை அறிவியல் எண்களில் உணர்த்துகின்றது. ஆயின், எதிரே நிற்பவன் கொல்ல வந்தவனா, வழிதவறி வந்தவனா, அகாலத்தில் வீடு திரும்பும் மகனா என்பதைக் காட்டும் கோட்டிணை எவ்வளவிலும் இல்லை.

தசரதனின் கதை இதனோடு ஒப்பிடத்தக்கது. அவன் ஒலியைக் கொண்டே இருளில் அம்பெய்ய வல்லவன். சரயு நதிக்கரையில் குடத்தில் நீர் நிறையும் ஓசையை யானை நீரருந்தும் ஓசையெனக் கொண்டான். அம்பு குறி தவறவில்லை. வீழ்ந்தவனோ, கண்ணிழந்த பெற்றோருக்கு நீர் முகக்க வந்த இளைஞன். தசரதனிடம் வில்வித்தை குறைவாயிருக்கவில்லை, மிகுதியாகவே இருந்தது. துணிவதற்கு முன்னரே எய்யத்தக்க திறமை அவனிடம் இருந்தமையே கேட்டுக்கு வழிவகுத்தது.

அவனிடம் இக்கருவி இருந்திருப்பின் அவ்விளைஞன் பிழைத்திருப்பானே என ஒருவர் வாதிடலாம். அவ்வாதத்தில் உண்மை உண்டு. யானையென்றும் மனிதனென்றும் கருவி பிரித்துக் காட்டியிருக்கும். குறைவாகக் கண்டு சுடுவதிலும் நிறையக் கண்டு சுடுவது மேலானது என்பதை மறுத்தற்கில்லை. டெக்சாஸ் மாநிலத்தில் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளை இரவில் வேட்டையாடுவோருக்கும் இது பொருந்தும். ஆயின் கருவி நீக்குவது திணை பற்றிய ஐயத்தை மாத்திரமே. அதனை நீக்கும்போதே, எல்லாம் தெளிந்துவிட்டது என்ற துணிவையும் அது ஊட்டிவிடுகின்றது. முழு இருளில் நிற்பவன் தன் அறியாமையை அறிவான். பச்சைத் திரையைப் பார்ப்பவன் அதனை எளிதில் மறப்பான்.

இன்னுமொரு வேறுபாடும் உண்டு. பகலில் அறிதல் இருபாற்பட்டது. காணப்படுபவன் தன்னைக் காண்பவனைக் காண்கின்றான். கையுயர்த்தலாம், பெயர் சொல்லலாம், ‘சுடாதே’ எனக் கூவலாம். இருளிலோ தன்மீது புள்ளி படிந்திருப்பதை அவன் அறியான். ஆகவே மறுமொழி கூறும் வாய்ப்பும் அவனுக்கில்லை. அவன் கேட்டிருக்கவேண்டிய கேள்வியையும் சொல்லியிருக்கவேண்டிய விடையையும் சுடுபவனே தன்னுள் எழுப்பிப் பார்க்கவேண்டியவனாகின்றான். ஆற்றல் ஒருபக்கமாகச் சாய்ந்த அளவுக்குக் கடமையும் அப்பக்கமே சாய்கின்றது. சரயுக்கரை இளைஞனின் குரலும் அம்பு தைத்த பின்னரே தசரதனுக்குக் கேட்டது.

நல்ல பயிற்றுநர் இதனை அறியாதவரல்லர். துப்பாக்கி ஏந்திய உருவங்களுக்கிடையே, கையில் தொலைபேசி மட்டும் வைத்திருக்கும் உருவங்களையும் அட்டையில் வரைந்து நிறுத்தும் வழக்கம் பயிற்சிக்களங்களில் உண்டு. அவற்றைச் சுட்டவனுக்குப் புள்ளி குறையும். சுடாது விடுவதும் வித்தையின் ஒரு கூறு என அங்கே ஒப்புக்கொள்ளப்படுகின்றது. ஆயினும், ஓரிரவில் ஆயிரம் முறை விசையை இழுத்துப் பழகிய விரலுக்கு இழுக்காதிருக்கும் பழக்கம் எத்தனை முறை கிட்டியது என்பதைக் கொண்டே அவ்வகுப்பை மதிப்பிடல் வேண்டும். ‘இலக்கு’ என்று சொல்லுமுன் ‘உரு’ என்று சொல்லித் தயங்கும் அச்சிறுபொழுதைக் கருவி எவருக்கும் தருவதில்லை. அதனைக் கற்பவனே தன்னிடம் வளர்த்துக்கொள்ளல் வேண்டும்.