யாழை ஓங்கிய கை

போன வாரம் பேச்சு முடிந்து, கையில் சுண்டல் தொன்னையோடு நின்றுகொண்டிருந்தேன். பிளஸ் டூ முடித்த ஒரு பெண் அப்பாவோடு வந்தாள். "ஐயா, எனக்கு வீணையும் உயிர், ஓவியமும் உயிர். இசைக் கல்லூரியில சேர்றதா, கவின்கலைக் கல்லூரியில சேர்றதா? எதை விட்டாலும் சாமிகுத்தம் ஆயிடுமோன்னு இருக்கு" என்றாள். 'ரெண்டும் வேண்டாம், பி.காம். சேர்' என்று அப்பாவின் முகத்தில் எழுதியிருந்தது. அதைப் பேச இன்னொரு வாரம் வேண்டும்!

அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. இன்றைக்குத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் சரித்திரம். அவளும் வந்திருக்கிறாள். பெயர் சொல்ல மாட்டேன், பயப்படாதே அம்மா.

யாழ்ப்பாணர் திருஎருக்கத்தம்புலியூர்க்காரர். மதுரைக்குப் போய்ச் சொக்கநாதர் முன்னால் தரையில் உட்கார்ந்து வாசிக்கிறார். ஈரத் தரையின் குளிர்ச்சி பட்டால் யாழ் நரம்பின் கட்டு தளர்ந்துவிடும். 'பாணனுக்குப் பொற்பலகை இடுங்கள்' என்று இறைவன் உத்தரவாகிறது. பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லும் காரணத்தைக் கவனியுங்கள். கவலை நரம்பைப் பற்றி. ஒரு வாத்தியத்தின் நரம்புக்காகக் கவலைப்படுகிற சாமி, ஒரு பெண் எந்தக் கல்லூரியில் சேர்ந்தாள் என்று கோபித்துக்கொள்வாரா?

பிறகு அவர் ஞானசம்பந்தரிடம் வந்து சேர்கிறார். பிள்ளை பாட, இவர் யாழில் இட்டு வாசிப்பார். ஊர் ஊராகப் போய் தருமபுரத்துக்கு வருகிறார்கள். காரைக்கால் பக்கத்துத் தலம், பாணருடைய தாயார் பிறந்த ஊர். சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். தாய்வழிச் சொந்தம் என்றால் பாராட்டுக்குக் கேட்கவா வேண்டும்? "நம்ம பிள்ளை யாழில வாசிக்கிறதாலதான் அந்தப் பதிகமெல்லாம் உலகத்தில பரவுது" என்கிறார்கள்.

நாமாக இருந்தால் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டிருப்போம். அவர் நடுங்கிப் போனார். சம்பந்தர் காலில் விழுந்து, யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடியருள வேண்டும் என்று கேட்கிறார். தன் வித்தை தோற்க வேண்டும் என்று தானே வரம் கேட்ட கலைஞன்! பிள்ளை பாடினார். யாழ்மூரிப் பதிகம் என்று இன்றும் அதற்குப் பெயர். பாணர் வாசித்துப் பார்க்கிறார், நரம்பில் வரவில்லை. இந்த யாழைத் தொட்டதால்தானே இத்தனையும் என்று அதை உடைக்கக் கையை ஓங்குகிறார். சம்பந்தர் தடுத்து, யாழைத் தம் கையில் வாங்கிக்கொள்கிறார். சிவசக்தியின் பெருமை ஒரு கருவிக்குள் அடங்குமா, வந்த மட்டில் வாசியும் என்று திருப்பிக் கொடுக்கிறார்.

குழந்தாய், உன் வீட்டில் கொலு என்றாலும் கல்யாணம் என்றாலும் "வீணை வாசி" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள் என்றாய். நீ வரைந்ததை யாரும் கேட்பதில்லை. நோட்டெல்லாம் பீரோவுக்குள் இருக்கிறது. இன்னொன்றும் சொன்னாய்: சாதகம் பண்ண உட்கார்ந்தால், அரை மணியில் வீணையின் யாளி முகத்தைப் பென்சிலால் வரைந்துகொண்டிருப்பாய் என்று. அதைச் சொல்லும்போது உன் முகத்தை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பிடாரர்கள், கொட்டி வாசிக்க 2 பேர். ராஜராஜன் இவர்கள் பெயரைக் கல்லில் வெட்டி நெல்லும் அளந்தான். அதே கோயிலின் உள்சுற்று இருட்டில் சுந்தரர் கயிலை போகிற காட்சியை ஒருவன் தீட்டினானே, அவன் பெயர் யாருக்காவது தெரியுமா? நாயக்கர் கால ஓவியம் அதன்மேல் ஏறி மூடிவிட்டது. 1931இல் வரலாற்று ஆய்வாளர் எஸ்.கே. கோவிந்தசாமி பார்த்துச் சொல்லும்வரை சோழன் காலத்துச் சித்திரம் அடியிலேயே இருந்தது. யாரும் பார்க்கவில்லை என்பதால் அந்தச் சித்திரத்து யானை நடையை நிறுத்தவில்லை, குதிரை பாய்ச்சலை நிறுத்தவில்லை.

அதனால் நான் சொல்வது: சொந்தக்காரர்கள் கைதட்டலைக் கழித்துவிட்டுப் பார். மிச்சம் எது நிற்கிறதோ அதற்கு விண்ணப்பம் போடு. ஓவியம்தான் என்றால், சென்னையிலே 1850இல் ஆரம்பித்த கவின்கலைக் கல்லூரி இருக்கிறது, கும்பகோணத்திலும் இருக்கிறது. நாலு வருஷப் படிப்பு. களிமண், கரி, சாயம் என்று கை அழுக்காகும். நகத்தை ஒட்ட வெட்டிவிட்டால் வீணை மீட்டுவதும் கொஞ்சம் சிரமம்தான். அதை மறைத்து நான் உனக்கு ஆசீர்வாதம் பண்ண முடியாது.

அவள் அப்பா சற்றுமுன் வந்து காதோடு கேட்டார்: "அப்போ வீணையை வித்துடலாமா ஐயா, நல்ல விலைக்குக் கேக்கிறாங்க." ஓங்கிய கை என்று நான் இத்தனை நேரம் சொன்னது இதைத்தான். வைத்திருங்கள். தருமபுரத்தில் தப்பிய அந்த யாழை வாசித்துக்கொண்டேதான் பாணர் சம்பந்தரோடு மிச்சத் தலமெல்லாம் போனார். நல்லூர்ப்பெருமணத்தில் சம்பந்தர் கல்யாணத்தில் சோதி தோன்றியபோது தம் மனைவி மதங்கசூளாமணியாரோடு அதற்குள் புகுந்தார். அந்தக் கல்யாணக் கதை அடுத்த வாரம்.