பன்மைப் பண்பாட்டு வகுப்பறையில் அறக்கல்வி

பினாங்கின் செபராங் பிறை நிலப்பகுதியிலுள்ள தாசேக் கெலுகோர் உள்ளிட்ட மலேசிய ஊர்களின் தேசியப் பள்ளிகளில், கணிதத்தை ஒன்றாகக் கற்கும் மாணவர்கள் அறத்தைக் கற்கும்போது பிரிகின்றனர். முஸ்லிம் மாணவர் இஸ்லாமியக் கல்விக்கும், ஏனையோர் சமயம் சாராமல் நற்பண்புகளைக் கற்பிக்கும் பாடமான நன்னெறிக் கல்விக்கும் செல்கின்றனர். தம் சமயமல்லாத சமயப் போதனையைப் பெறுமாறு எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்னும் அரசியலமைப்பின் 12ஆவது பிரிவு இவ்வேற்பாட்டுக்கு இசைவானது. எனினும், 1970இல் பிரகடனமான ருக்குன் நெகாரா என்னும் தேசியக் கோட்பாடு இறைநம்பிக்கையையே முதல் நெறியாக வைப்பதால், சமயத்திலிருந்து பிரித்தெடுத்த அறம் முழுமையுடையதா என்ற வினா எஞ்சுகிறது.

ஈகை என்னும் பண்பைத் தமிழ்ப் பிள்ளை தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலிலும், மலாய்ப் பிள்ளை நோன்புப் பெருநாளையொட்டிய ஜக்காத் கொடையிலும் முதலில் காண்கிறது. இவ்வாறு வழக்கங்களில் ஊன்றிய பண்பை வெறும் வரையறையாக்கி மனனம் செய்விக்கும் கல்வி, தேர்வுக்குரிய விடையைத் தருமேயன்றி மனச்சான்றை வளர்க்காது. அதேவேளை, ஒவ்வோர் அறமும் அதனதன் பண்பாட்டுக்கே உரியது என்று கொண்டால், ஒருவர் மற்றவரிடம் நீதி கோருவதற்கான பொதுத்தளமே இல்லாமற்போகும். ஆகவே, மாணவர் தத்தம் வழக்கத்திலிருந்து தொடங்கி, அதன் நியாயத்தைப் பிற சமயத்தவரும் ஏற்கத்தக்க காரணங்களால் விளக்கப் பழகும் வகுப்பறையே பொது அறத்துக்கு வழிவகுக்கும்; அதற்கு இரு பாடங்களின் மாணவரும் சில வேளைகளிலேனும் ஒருங்கே அமர்ந்து உரையாடுதல் இன்றியமையாதது.